ஜப்பானிய நவீன ஓவியம் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு: எங்கே ஆரம்பிப்பது, என்ன கேட்பது

ஜப்பானியக் கலை என்றதும் நம்மில் பலருக்கு ஹொகுசாயின் அலை, கிமோனோ, செர்ரிப் பூ, அனிமே, குசாமாவின் புள்ளி போட்ட பூசணிக்காய், இவைதான் முதலில் ஞாபகம் வரும். அதில் தப்பில்லை. ஆனால் அங்கிருந்தே தொடங்கினால் எதைப் பார்த்தாலும் "எவ்வளவு ஜப்பானியத்தனம்!" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவோம். அந்த ஜப்பானியத்தனமே கடந்த 150 ஆண்டுகளில் ஆட்கள் உட்கார்ந்து யோசித்து உருவாக்கியது, அதற்காகச் சண்டை போட்டார்கள், அதை விற்றார்கள், போருக்கு அனுப்பினார்கள், தோற்ற பிறகு சிலர் தூக்கி எறிந்தார்கள், சிலர் மறுபடி எடுத்துத் தூசி தட்டினார்கள். இது தெரிந்துவிட்டால் அதே படங்கள் வேறு மாதிரி பேச ஆரம்பிக்கும்.

கலை வரலாறு படித்திருக்க வேண்டியதில்லை. நான் சொல்லும் படங்களை இணையத்தில் தேடிப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் படம் "ஜப்பானியமாக" இருக்க வேண்டும் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தேவைப்பட்டது?

முதல் படி: ஒரு மீனையும் ஒரு கண்ணோனையும் அருகருகே வையுங்கள்

முதல் படம் தக்காஹாஷி யுய்ச்சி வரைந்த "சால்மன்", 1877 வாக்கில் வரைந்தது. ஒரு உப்புக்கண்டம் போட்ட மீன், வாயில் கயிறு கோத்துத் தொங்குகிறது, ஒரு பக்கத்துச் சதையை யாரோ அறுத்து எடுத்துவிட்டதால் உள்ளே சிவப்பு தெரிகிறது. தோலில் உலர்ந்த பளபளப்பு, சதையின் ஈரம், கயிற்றின் சொரசொரப்பு எல்லாம் தனித்தனியாகக் கைக்குத் தட்டுப்படுவது போல இருக்கும். வரைந்தது எண்ணெய் வண்ணத்தில், ஆனால் காகிதத்தின் மேல். படத்தின் வடிவத்தையும் கவனியுங்கள். ஒடுங்கி நீண்டு, சுவரில் தொங்கவிடும் பழைய சுருள் ஓவியம் மாதிரிதான் இருக்கிறது.

இரண்டாவது கானோ ஹோகாய் 1888இல் வரைந்த "கருணைத் தாய் கண்ணோன்". கண்ணோன் என்பது பௌத்தத்தில் கருணையின் போதிசத்துவர், வானில் மிதக்கும் அவர் கையிலிருந்து நீர் சொட்டுகிறது, கீழே ஒரு குமிழிக்குள் குழந்தை. பழைய பௌத்த ஓவியம் என்று தோன்றும். ஆனால் மேற்கின் மரியாள்-குழந்தை ஓவியங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதில் அது தெரியாமல் போகாது. ஹோகாய் அதே ஆண்டு இறந்துவிட, நண்பர் ஹாஷிமோத்தோ காஹோதான் படத்தை முடித்துக் கொடுத்தார்.

மேற்கத்திய முறையில் வரைந்த மீன் பழைய ஜப்பானியச் சுருளின் உடலில் இருக்கிறது, "மரபு" என்று கொண்டாடப்பட்ட கண்ணோனுக்குள் மேற்கு புகுந்திருக்கிறது. இரண்டும் தோக்கியோவின் உஎனோவில் உள்ள கலைப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் சொத்து. எப்போதும் காட்சிக்கு வைத்திருக்க மாட்டார்கள், போவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: படத்துக்கு முன்னால் லேபிளைப் படியுங்கள், அதிலும் பொருட்கள் வரியை

ஜப்பானில் ஓவியம் இரண்டு முகாம்களாகப் பிரிந்தது. எண்ணெய் வண்ணத்தில் மேற்கத்திய முறையில் வரைவது யோகா (உடற்பயிற்சி யோகா இல்லை), ஜப்பானிய முறை நிஹோங்கா. இதில் நிஹோங்காவைத் தொன்றுதொட்டு வந்த மரபு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேற்கத்திய ஓவியம் வந்து இறங்கிய பிறகு, அதற்கு எதிராக "நம்முடையது" என்று ஒன்றை நிறுத்த வேண்டியிருந்தது. அதுவரை தனித்தனிப் பள்ளிகளாக, தனித்தனிக் குடும்பங்களாக இருந்ததை எல்லாம் ஒரே குடைக்குள் கொண்டுவந்து வைத்த பெயர் அது.

எப்படி அடையாளம் காண்பது? பட்டு அல்லது காகிதத்தின் மேல் நிறமி என்று போட்டிருந்தால் நிஹோங்கா, திரைச்சீலையில் எண்ணெய் என்றால் யோகா. நிஹோங்காவின் நிறமிகளில் பல, கனிமக் கற்களை அரைத்து எடுத்தவை, விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசையில் குழைத்துப் பூசுவார்கள். ஒரே கல்லையே கொரகொரப்பாக அரைத்தால் அடர்ந்த நிறம், மாவாக அரைத்தால் வெளிறிய நிறம். அதனால் நேரில் பார்க்கும்போது சற்றுச் சாய்ந்து பக்கவாட்டில் நின்று பாருங்கள், மணல் துகள் மாதிரி மினுமினுப்பது தெரியும். அச்சிலும் திரையிலும் இது வரவே வராது.

மூன்றாம் படி: ஒக்காகுரா தென்ஷினின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

1878இல் ஃபெனலோசா என்ற அமெரிக்கர் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்க வந்தார். மேற்கின் மேல் மோகம் தலைக்கேறி, கோயில்களின் பழைய சிலைகளும் ஓவியங்களும் கேட்பாரற்று விலைபோன காலம் அது. அவரும் அவருடைய மாணவர் ஒக்காகுராவும் நாடு முழுக்கச் சுற்றிப் பழங்கலைகளைப் பட்டியலிட்டார்கள். 1889இல் தோக்கியோ கலைப் பள்ளி திறந்தபோது அதில் மேற்கத்திய ஓவியத் துறையே கிடையாது, 1896இல்தான் குரோதா செய்கி தலைமையில் அது சேர்ந்தது. ஒரு வெளிநாட்டவரின் கண் வழியாகத்தான் தேசிய மரபு என்ன என்பது பெரிய அளவுக்கு முடிவானது. ஜப்பானியர்கள் ஏமாந்தார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. உலகக் கண்காட்சிகளில் நாடுகள் தங்கள் முகத்தைக் காட்டிப் போட்டிபோட்ட காலம், ஒரு முகம் வேண்டியிருந்தது.

ஒக்காகுரா 1898இல் பள்ளியை விட்டு வெளியேறி, யோகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ போன்ற ஓவியர்களோடு தனிக் கலை நிறுவனம் தொடங்கினார். அதன் பிறகு இந்தியா வந்து விவேகானந்தரையும் தாகூர் குடும்பத்தையும் சந்தித்தார். ஆசியா ஒன்றே என்று தொடங்கும் அவருடைய ஆங்கிலப் புத்தகம் 1903இல் வெளியானது. அதே ஆண்டு தைக்கானும் ஷுன்சோவும் கல்கத்தா வந்தார்கள். கோடே இல்லாமல் வண்ணத்தை நீரில் கரைத்து மங்கலாகப் படரவிடும் அவர்கள் முறையை அபனீந்திரநாத் தாகூர் எடுத்துக்கொண்டார். 1905இல் அவர் வரைந்த "பாரத மாதா" அந்தக் கழுவல் முறையில் உருவானது. ஜப்பானில் அந்த மங்கலான பாணியை விமரிசகர்கள் கேலி செய்துகொண்டிருந்தார்கள், இங்கே அது ஒரு தேசத்துக்கு உருவம் கொடுத்தது. ஆசியா ஒன்று என்ற அந்த வாக்கியம், ஒக்காகுரா இறந்து பல ஆண்டுகள் கழித்து, ஜப்பானியப் படைகள் ஆசியாவுக்குள் நுழைந்தபோது பிரசார முழக்கமாக மாறியது. அவர் எழுதிய நோக்கம் வேறு, பயன்பட்ட இடம் வேறு. இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்கப் பழகுங்கள்.

நான்காம் படி: ஃபூஜி மலையைச் சந்தேகத்தோடு பாருங்கள்

தைக்கான் வாழ்நாள் முழுக்க ஃபூஜியை வரைந்தவர். அழகான படங்கள், அதை மறுக்க முடியாது. 1923இல் அவர் வரைந்த சுமார் 40 மீட்டர் நீளச் சுருள் ஒன்று, மலைப்பனியில் பிறக்கும் ஒரு சொட்டு நீர் ஆறாகி, கடலாகி, மறுபடி ஆவியாகி மேலே போவதை மையிலேயே சொல்கிறது. அதைப் பார்த்து அசந்து போகாதவர்கள் குறைவு.

ஆனால் 1940க்கு வாருங்கள். பேரரசு தோன்றி 2600 ஆண்டு என்று அரசு விழா எடுத்த வருடம். தைக்கான் கடல் பத்து, மலை பத்து என்று 20 படங்கள் வரைந்து விற்று, கிடைத்த 5 லட்சம் யென்னை ராணுவத்துக்கும் கடற்படைக்கும் போர் விமானம் வாங்கக் கொடுத்தார். படத்தில் துப்பாக்கி இல்லை, சிப்பாய் இல்லை, மலையும் மேகமும் சூரியனும்தான். தேசியம் பேச ஒரு படத்துக்குக் கொடி தேவையில்லை என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது. ஷிமானேயில் உள்ள அதாச்சி அருங்காட்சியகத்தில் தைக்கானின் படங்கள் நிறைய இருக்கின்றன. அங்கே போகும்போது வரைந்த ஆண்டுகளை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்து பாருங்கள்.

ஐந்தாம் படி: போர் ஓவியங்களைத் தவிர்க்காதீர்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் பகுதி இது. அறிமுகப் புத்தகங்களும் பலமுறை 1930களிலிருந்து நேராக 1950களுக்குத் தாவிவிடும். என்னைக் கேட்டால் இந்த இடைவெளிதான் மொத்தக் கதையின் மையம்.

தோக்கியோவில் தக்கேபாஷி நிலையத்தின் பக்கத்தில், பேரரசர் அரண்மனை அகழிக்கு எதிரே, தேசிய நவீனக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. போரின்போது ராணுவம் வரையச் சொன்ன ஓவியங்களில் 153ஐ அமெரிக்கர்கள் கைப்பற்றி 1951இல் தங்கள் நாட்டுக்குக் கொண்டு போனார்கள். 1970இல் அவை திரும்பி வந்தன, ஆனால் சொந்தமாக இல்லை, "காலவரையற்ற கடன்" என்ற பெயரில். இன்றும் லேபிளில் அந்த வரி இருக்கும், தேடிப் பாருங்கள். நாட்டின் மிகச் சங்கடமான படங்கள் சட்டப்படி யாருடையவை என்று கேட்டால் அந்தச் சிறிய வரிதான் பதில். நிரந்தரத் தொகுப்பின் அறைகளில் ஒரு சமயத்தில் சில படங்களை மட்டும் மாற்றி மாற்றி வைப்பார்கள்.

அதில் ஃபுஜிதா த்சுகுஹாருவின் "அத்து தீவில் கடைசிப் போர்" (1943) வைக்கப்பட்டிருந்தால் நேரம் ஒதுக்குங்கள். பாரிஸில் பால் வெள்ளைப் பெண்களையும் பூனைகளையும் வரைந்து புகழ்பெற்ற அதே ஃபுஜிதாதான். அலாஸ்காவுக்கு அப்பால் உள்ள அத்து தீவில் ஜப்பானியப் படை ஏறக்குறைய முழுதும் அழிந்தது, அதை இரண்டரை மீட்டருக்கும் மேல் அகலமுள்ள படமாக வரைந்திருக்கிறார். முதலில் வெறும் பழுப்புச் சேறு மாதிரி தெரியும். கண் பழகப் பழக முகங்களும் கத்தி முனைகளும் திறந்த வாய்களும் வெளியே வரும், யார் ஜப்பானியர் யார் அமெரிக்கர் என்றே பிரிக்க முடியாத அளவுக்கு உடல்கள் பின்னிக் கிடக்கும், கீழே சில சின்னப் பூக்கள். மக்களைப் போருக்குத் தூண்ட இதைக் காட்டினார்கள், பார்க்க வந்தவர்களோ இதன் முன் கைகூப்பி நின்றார்கள். பிரசாரமா, ஒப்பாரியா? இரண்டும்தான் என்று நான் நினைக்கிறேன், அதனால்தான் இது இன்னும் தொந்தரவு செய்கிறது. போருக்குப் பின் ஓவியர்களின் பொறுப்பு பற்றிய பழி பெரும்பாலும் ஃபுஜிதா தலையில் விழுந்தது. 1949இல் நாட்டை விட்டுப் போனவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார், திரும்பவே இல்லை. அதே காலத்தில் தைக்கான் தேசிய ஓவியராகவே தொடர்ந்தார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

நம் வாசகர்களுக்கு இன்னொரு படம்: மியாமோத்தோ சபுரோ 1942இல் வரைந்த யமாஷித்தா-பெர்சிவல் சந்திப்பு. சிங்கப்பூரில் பிரிட்டிஷார் சரணடைந்த அந்த மேசை. ஜப்பானில் அது வெற்றிப் படம். அந்தச் சரணாகதிக்குப் பிறகுதான் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர்கள் ஜப்பானியப் படை போட்ட சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டு போகப்பட்டு மாண்டார்கள். அந்தப் படத்தின் முன் நிற்கும்போது இதை மறந்துவிட்டு வண்ணத்தை மட்டும் ரசிக்க என்னால் முடியாது.

எல்லோரும் ராணுவத்தோடு போகவில்லை என்பதும் முக்கியம். 1941 ஜனவரியில் ஒரு கலை இதழில் ராணுவ அதிகாரிகள், ஓவியர்கள் அரசுக்கு எப்படிப் பயன்பட வேண்டும் என்று பேசியது வெளியானது. அதே இதழின் ஏப்ரல் இதழில் மத்சுமோத்தோ ஷுன்சுகே என்ற, காது கேளாத இளம் ஓவியர், கலைஞனின் சுதந்திரத்துக்காகப் பதில் எழுதினார். அதே வருடம், கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்கும் சர்ரியலிசம் பேசியதற்காகவே ஓவியர் ஃபுகுசாவா இச்சிரோவும் விமரிசகர் தகிகுச்சி ஷூசோவும் கைதானார்கள். மத்சுமோத்தோ 1942இல் வரைந்த "நிற்கும் உருவம்" படத்தைத் தேடிப் பாருங்கள். வெறிச்சோடிய நகரத்தின் முன் ஒரு ஆள் கால்களை ஊன்றி நிற்கிறான், அவ்வளவுதான், ஆனால் அந்த வருடத்தில் அது சாதாரணக் காரியம் இல்லை.

ஆறாம் படி: தோல்விக்குப் பிறகு வந்தவர்களில் மூன்று வழிகள்

நிறையப் பேர் இருக்கிறார்கள், எல்லோரையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாருகி இரி, மாருகி தோஷி என்ற தம்பதி. கணவர் இரி மை ஓவியர், மனைவி தோஷி எண்ணெய் வண்ண ஓவியர், ஆக இரண்டு முகாம்களும் ஒரே வீட்டில். குண்டு விழுந்த சில நாட்களில் ஹிரோஷிமா போய்ப் பார்த்தவர்கள். 1950 தொடங்கி 1982 வரை 15 பெரும் படங்களை இருவரும் சேர்ந்தே வரைந்தார்கள், ஒவ்வொன்றும் 1.8 மீட்டர் உயரம், 7.2 மீட்டர் அகலம். முதல் சில படங்களோடு நிறுத்திவிடாதீர்கள். 1970இல் அமெரிக்காவில் இவற்றைக் காட்டியபோது, ஒரு சீன ஓவியர், ஜப்பானியப் படை சீனாவில் நடத்திய நான்கிங் படுகொலையை வரைந்து உங்கள் நாட்டுக்குக் கொண்டு வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. அதற்குப் பின் வந்த படங்களில் ஹிரோஷிமாவில் இறந்த அமெரிக்கக் கைதிகள் இருக்கிறார்கள், இறந்த பிறகும் பாகுபாடு காட்டப்பட்டு அப்படியே விடப்பட்ட கொரியர்களின் உடல்கள் மேல் காகங்கள் இறங்குகின்றன, நான்கிங்கையும் தனியாக வரைந்தார்கள். நாங்கள் பாதிக்கப்பட்டவர்கள் என்ற இடத்திலேயே நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், அவர்கள் அங்கே நிற்கவில்லை. நவீன ஜப்பானியக் கலையில் இதைவிட நேர்மையான திருப்பம் எனக்குத் தெரியாது. சாயித்தாமாவின் ஹிகாஷி-மத்சுயாமாவில் அவர்களுடைய சொந்த அருங்காட்சியகம் இருக்கிறது, திறந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.

அடுத்தது குதாய் குழு, 1954இல் யோஷிஹாரா ஜிரோ அஷியாவில் தொடங்கியது. யாரையும் நகல் எடுக்காதே என்பதுதான் அவருடைய கட்டளை. ஷிராகா கசுவோ சேற்றில் புரண்டார், கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு காலால் வண்ணம் தேய்த்தார். தனகா அத்சுகோ எரியும் வண்ண விளக்குகளால் ஆன உடையை அணிந்தார். எல்லோரும் ஒரே குரலில் கத்திய காலத்துக்குப் பிறகு, ஒவ்வொரு உடலும் தனியாக ஒரு சத்தம் போட்டது என்று எடுத்துக்கொண்டால் இது புரியும்.

மூன்றாவது ஒகாமோத்தோ தாரோ. 1951இல் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஜோமோன் கால மண்பாண்டங்களைப் பார்த்து அதிர்ந்தார். தேநீர்க் கிண்ணம், வெறுமை, அடக்கம் என்று வந்த ஜப்பானிய அழகுக்கு எதிராக, நெருப்பு மாதிரி முறுக்கிக்கொண்டு எழும் அந்தப் பானைகளை நிறுத்தினார். 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில், முன்னேற்றம் என்ற கொள்கையோடு எழுந்த பிரமாண்டக் கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போகும் சுமார் 70 மீட்டர் "சூரியக் கோபுரம்" அவருடையது. கூரை போய்விட்டது, கோபுரம் இன்னும் நிற்கிறது, முன்பதிவு செய்தால் உள்ளேயும் போகலாம். கேள்வியைக் கேட்க மறக்காதீர்கள்: பழையதுக்குப் பதிலாக இன்னும் பழையதைக் கொண்டு வந்தால், அதுவும் ஒரு தேசிய முகம்தானே?

ஏழாம் படி: இன்றைய கலைஞர்கள் யாரிடம் பேசுகிறார்கள் என்று பாருங்கள்

முராகாமி தகாஷியின் சிரிக்கும் பூக்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் நிஹோங்காவில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பது பலருக்குத் தெரியாது. 2000இல் "சூப்பர்ஃப்ளாட்" என்று சொல்லி எடோ காலத்து (1603-1868) ஓவியத்திலிருந்து அனிமே வரை ஒரே தட்டையான கோட்டை இழுத்தார். சாமர்த்தியமான கோடு, வெளிநாட்டுச் சந்தைக்கு உடனே புரியும் கோடு. அதனாலேயே அதைக் கொஞ்சம் நிதானமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

அய்தா மகோத்தோவின் 1996 படத்தை அதன் பக்கத்தில் வையுங்கள். பழைய கியோத்தோ நகரத்தை மேலிருந்து காட்டும் மடக்குத் திரை மாதிரியே நியூயார்க் எரிகிறது, ஜப்பானியப் போர் விமானங்கள் முடிவிலிக் குறி போலச் சுழல்கின்றன. நெருங்கிப் போனால் அடித்தளம் பழைய கதவுத் தட்டிகளும் ஒட்டிய வணிகச் செய்தித்தாளும். போர் ஓவியத்தின் பெருமிதத்தையும் பொருளாதார வெற்றியின் பெருமிதத்தையும் ஒரே பசையில் ஒட்டிவிட்டார். ஐந்தாம் படியைப் படிக்காமல் தாண்டி வந்தவர்களுக்கு இது பிடிபடாது.

யனாகி யுகினோரியின் எறும்புப் பண்ணை 1990இலிருந்து வந்தது. வண்ண மணலில் செய்த நாட்டுக் கொடிகள் பெட்டி பெட்டியாகச் சுவரில், குழாய்களால் இணைத்திருக்கும், உள்ளே உயிருள்ள எறும்புகள். நாள் போகப் போக எறும்புகள் மணலை இழுத்துக்கொண்டு திரிய, கொடிகள் ஒன்றுக்குள் ஒன்று கலைகின்றன.

இது எல்லாம் பழங்கதை இல்லை என்பதற்கு 2019இல் அய்ச்சியில் நடந்த மூவாண்டுக் கலைக் கண்காட்சி போதும். முன்பு காட்சிக்கு மறுக்கப்பட்ட படைப்புகளுக்கென்றே அங்கே ஒரு பகுதி வைத்தார்கள். போரில் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களின் நினைவாகக் கொரியச் சிற்பிகள் செய்த, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சிறுமியின் சிலை அதில் இருந்தது, பேரரசர் ஹிரோஹிட்டோவின் படத்தைப் பயன்படுத்திய ஓஉரா நொபுயுகியின் படைப்பும் இருந்தது. மிரட்டல்கள் குவிய, மூன்றே நாளில் அந்தப் பகுதியை மூடினார்கள், அக்டோபரில் கடைசிச் சில நாட்கள் மட்டும் மீண்டும் திறந்தார்கள்.

எட்டாம் படி: ஓரங்களுக்குப் போங்கள்

தோக்கியோவில் மட்டும் பார்த்தால் பாதிதான். ஒகினாவாவின் கினோவானில் சாகிமா அருங்காட்சியகம், அமெரிக்கப் படைத்தளத்தின் வேலியை ஒட்டியே கட்டியது. உள்ளே மாருகி தம்பதியின் "ஒகினாவாப் போர்", மொட்டை மாடிக்கு ஏறினால் அதே தளத்தின் ஓடுபாதை. ஜூன் 23, அந்தப் போரில் இறந்தவர்களின் நினைவு நாள், அன்று சூரியன் மறையும் திசைக்கு நேராகப் படிக்கட்டை அமைத்திருக்கிறார்கள். வடக்கே ஹொக்கைதோவில், ஐனு என்ற பூர்வகுடியைச் சேர்ந்த சிற்பி சுனசாவா பிக்கியின் மரத்தூண்கள் சப்போரோ கலைப் பூங்காவில் வெயிலிலும் பனியிலும் தானாகச் சிதைய விடப்பட்டிருக்கின்றன. இந்த இரண்டு இடத்திலும் "ஜப்பானியக் கலை" என்ற சொல் யாரை உள்ளே எடுக்கிறது, யாரை வெளியே விடுகிறது என்பது உடனே கண்ணில் படும். கல், மரம், இரும்பு போன்றவற்றை அப்படியே வைத்துக் காட்டிய மோனோ-ஹா இயக்கத்தின் சிந்தனையாளரான லீ உஃபான் கொரியாவில் பிறந்தவர் என்பதையும் இங்கேயே குறித்து வையுங்கள்.

அப்புறம் சில நடைமுறைச் சங்கதிகள். பெரிய சிறப்புக் கண்காட்சிக்கு வரிசையில் நிற்பதைவிட நிரந்தரத் தொகுப்புக்கு டிக்கெட் எடுங்கள், விலையும் குறைவு, கூட்டமும் குறைவு. அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கள்கிழமை விடுமுறை. நிஹோங்காப் படங்கள் ஒளிபட்டால் மங்கும் என்பதால் பாதியிலேயே மாற்றிவிடுவார்கள், ஒரு குறிப்பிட்ட படத்துக்காகவே போகிறீர்கள் என்றால் அருங்காட்சியகத்தின் தளத்தில் காட்சிப் பட்டியலைப் பார்த்துவிட்டே விமான டிக்கெட் போடுங்கள். உஎனோவில் குரோதா செய்கியின் நினைவகத்துக்குக் கட்டணம் இல்லை, ஆனால் அவருடைய புகழ்பெற்ற "ஏரிக்கரை" ஓவியம் இருக்கும் அறையை ஆண்டில் சில முறைதான் திறப்பார்கள். தேடும்போது பெயர் வரிசையையும் கவனியுங்கள்: ஜப்பானில் குடும்பப் பெயர் முதலில் வரும், ஆனால் தைக்கான், தென்ஷின், ஷுன்சோ போன்றவர்களைப் புனைபெயரால்தான் அழைப்பார்கள், ஆங்கிலத் தளங்களில் இதெல்லாம் தலைகீழாகவும் இருக்கும், ஒன்றில் கிடைக்காவிட்டால் மாற்றிப் போட்டுத் தேடுங்கள்.